நாலாவது கால்பகுதியில வெயில்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு டேபிளத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், தங்கச்சி மக நோட்டத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்தா. படிவம் 4 படிக்கிறா. பினாங்கு பாயான் பாருல எங்க ஃப்ளாட்டுக்கும் அவங்க ஃப்ளாட்டுக்கும் ரெண்டு ப்ளோக் தான் இடைவெளி, அதனால கணக்குல மாட்டிக்கிட்டா நேரா இங்க வந்துடுவா. "பெரியம்மா, இந்த கிராஃப் எந்தெந்த குவாட்ரண்ட் வழியா போகுது, எந்த அச்ச எங்க வெட்டுதுன்னு கேட்டிருக்காங்க. நான் ஒழுங்கா தான் வரைஞ்சேன், ஆனா தப்புன்னு போட்டுட்டாங்க."

கணக்கு இது தான்: வை = 3எக்ஸ் − 6. படுத்த எக்ஸ் அச்சும் நிக்கிற வை அச்சும் பேப்பர நாலு கால்பகுதியா பிரிக்குதே, அதான் குவாட்ரண்ட்: வலது மேல ஒண்ணாவது, இடது மேல ரெண்டாவது, இடது கீழ மூணாவது, வலது கீழ நாலாவது.

நோட்டப் பாத்தேன். டேபிள் அழகா போட்டிருக்கா. எக்ஸுக்கு 0, 1, 2, 3, 4, வைக்கு −6, −3, 0, 3, 6. ஒரு புள்ளி கூட தப்பில்ல, ஸ்கேல் வெச்சு நேரா கோடு இழுத்து, நாலாவதும் ஒண்ணாவதும்னு பதில் எழுதியிருக்கா. மூணாவத விட்டுட்டா. அந்தக் கோடு வை அச்சுல −6ங்கிற இடத்துல முளைச்ச மாதிரி ஆரம்பிச்சு மேல போகுது, அச்சுக்கு இடது பக்கம் வெறும் வெள்ளைக் கட்டம். ஏன்மா இங்கயே நிறுத்திட்டன்னு கேட்டா, "டேபிள் 0ல தானே ஆரம்பிக்குது"ன்னா.

எனக்கு அவ மேல கோவமே வரல, ஏன்னா இது அவ சோம்பேறித்தனமே இல்ல. நெகட்டிவ் நம்பர்னா மனுசனுக்கு எப்பவுமே கொஞ்சம் தயக்கம் தான். 628ல இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் ப்ளஸ சொத்துன்னும் மைனஸக் கடன்னும் சொல்லி கூட்டல் பெருக்கலுக்கெல்லாம் விதி எழுதி வெச்சுட்டார், ஆனா அதுக்கப்புறம் ஆயிரம் வருசம் கழிச்சு 1637ல பிரெஞ்சுக்காரர் டேக்கார்ட் வளைவுகள சமன்பாட்டால எழுதினப்ப, இன்னைக்கு நாம போடுற மாதிரி ரெண்டு அச்சு குறுக்க நெடுக்கப் போய் நாலு மூலையும் திறந்திருக்கிற படம் அவர்கிட்ட கிடையாது. 1704ல வெளிவந்த நியூட்டனோட எழுத்துல தான், மூணாம் படி வளைவுகள வகை பிரிக்கறப்ப, மைனஸ் பக்கத்தயும் தாராளமா எடுத்து நாலு கால்பகுதியிலயும் வளைவு ஓடுது. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அந்த இடது பக்கம் திறக்க அத்தன நாள் ஆச்சு, பதினாறு வயசுப் பொண்ணு அச்சுகிட்ட வந்து நின்னுட்டான்னு திட்ட முடியுமா.

அவளுக்கு ஸ்கூல்ல டிஎல்பி, அதாவது இருமொழித் திட்டம், மேத்ஸ் இங்கிலீஷ்ல. நான் ஆறாவது வரைக்கும் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய். எனக்கு குவாட்ரண்ட்ன்னா சுக்குவான், அச்ச வெட்டுற எடமான இன்டர்செப்ட்னா பிந்தாசான். மலாய்ல சுக்குன்னா கால், நாலுல ஒரு பங்கு. நம்ம கால்பகுதியும் அதே தான். அச்சுங்கிறது வண்டிச் சக்கரத்துக்கு நடுவுல போற அச்சு, அதச் சுத்தி தான் எல்லாம் நடக்குது. இத அவகிட்ட சொன்னதும், "அப்ப நாலு கால் சேந்தா ஒண்ணு, அச்சு நடுவுல"ன்னு அவளே சொல்லிக்கிட்டா. மொழி ரெண்டு மூணு கைவசம் இருந்தா கணக்குக்கு நல்லது தான், ஒரு வார்த்தை மூடி வெச்சத இன்னொரு வார்த்தை திறந்து விடும்.

சரி, கால்பகுதிக்கு நம்பர் போடுறது ஏன் கடிகாரத்துக்கு எதிர்த் திசையிலன்னு குழப்பிக்காம இருக்க நான் அவளுக்கு உலக மேப்ப காட்டினேன். பூமத்திய ரேகை தான் எக்ஸ் அச்சு, கிரீன்விச் ரேகை தான் வை அச்சு. கிழக்கும் வடக்கும் ப்ளஸ். பினாங்கு வடக்கே 5 டிகிரி, கிழக்கே 100 டிகிரி, ஆக ரெண்டும் ப்ளஸ், முதல் கால்பகுதி. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் எல்லாம் நம்மகூட அங்க தான். நம்ம ஆளுங்க கரும்புத் தோட்டத்துக்குப் போன குவாதலூப், இப்ப கூட்டமா இருக்கிற டொரண்டோ, ரெண்டும் மேற்குல வடக்கே, அது ரெண்டாவது. மொரீஷியஸும் டர்பனும் கிழக்குல தெற்கே, நாலாவது. மூணாவதுல யாரு இருக்கான்னு கேட்டா, பிரேசில்ல ரியோவக் காட்டினேன். அப்புறம் போர்னியோவுல பொந்தியானாக் ஊரு, அது பூமத்திய ரேகை மேலயே உக்காந்திருக்கு, ரேகை போற இடத்துல ஒரு நினைவுத்தூணே வெச்சிருக்காங்க. அந்தத் தூணு எந்தக் கால்பகுதின்னு கேட்டேன். முழிச்சா. எதுவும் இல்லம்மா, அச்சு மேல இருக்கிற புள்ளிக்குக் கால்பகுதியே கிடையாது. இத மறந்து தான் நெறைய பேரு (2, 0)ங்கிற புள்ளிய முதல் கால்பகுதின்னு எழுதி மார்க்க விடுறாங்க.

இப்ப கோட்டுக்கு வரேன். கிராஃப் பேப்பர நாலு ரூம் உள்ள வீடா நெனச்சுக்க, அச்சு ரெண்டும் சுவரு, வெட்டுற எடம் தான் கதவு. ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போகணும்னா கதவு வழியா தான் போகணும். நேர்கோடு ஒரு சுவர ஒரு தடவைக்கு மேல வெட்ட முடியாது, அது வளையாதே. ஆக மொத்தம் ரெண்டு கதவு, ரெண்டு கதவு தாண்டினா மூணு ரூம். அதனால சாய்வா போற, ரெண்டு அச்சும் சந்திக்கிற மூலப்புள்ளி வழியா போகாத எந்தக் கோட்ட எடுத்தாலும் சரியா மூணு கால்பகுதி, கூடவும் இல்ல கொறையவும் இல்ல. 3எக்ஸ் − 6க்கு எக்ஸ 0ன்னு வெச்சா வை −6, அது ஒரு கதவு. வைய 0ன்னு வெச்சா எக்ஸ் 2, அது இன்னொரு கதவு. மூணாவதுல இருந்து வந்து, நாலாவதக் கடந்து, ஒண்ணாவதுக்குப் போகுது. மூலப்புள்ளி வழியா போற கோடுன்னா ரெண்டு கதவும் ஒரே எடத்துல மூலைக்கு மூலை, அப்ப எதிரெதிர் ரூம் ரெண்டு மட்டும். அச்சு மேலயே விழாத படுத்த கோடு, நின்ன கோடுன்னா ஒரே கதவு, பக்கத்துப் பக்கத்து ரூம் ரெண்டு. நாலு ரூமுக்கும் போற நேர்கோடு உலகத்துலயே கிடையாது, அதுக்கு மூணு கதவு வேணும், கோட்டுக்கிட்ட ரெண்டு தான் இருக்கு. இத சொன்னப்ப அவ பேனாவக் கீழ வெச்சுட்டு, "அப்ப நான் ரெண்டுன்னு எழுதினப்பவே தப்புன்னு வரையாமலே தெரிஞ்சிருக்கும்"னா. ஆமா, அதுக்குத் தான் சொல்றேன். வரைஞ்சு பாக்கறது தப்பில்ல, ஆனா வரையிறதுக்கு முன்னாடியே எத்தன ரூம்னு கையில இருந்தா படம் உன்ன ஏமாத்தாது.

இன்னொரு விசயம், ஃபங்ஷன்னு சொல்லிட்டா ஒரு எக்ஸுக்கு ஒரு வை தான். எக்ஸ் 0ங்கிறது ஒரே ஒரு எக்ஸ், அதனால எந்த ஃபங்ஷனும் வை அச்ச ஒரு தடவைக்கு மேல வெட்டவே முடியாது. எக்ஸ் அச்ச எத்தன தடவ வேணாலும் வெட்டலாம், அதுக்குக் கட்டுப்பாடு இல்ல.

படிவம் 4 மேத்ஸ்ல முதல் பாடமே குவாட்ராடிக், பரவளையம். அங்க தான் நாலு ரூமும் திறக்குது. எக்ஸ் ஸ்கொயர் − 4 எடு. எக்ஸ் அச்ச −2லயும் 2லயும் வெட்டுது, வை அச்ச −4ல. மூணு கதவு, நாலு ரூம், ரெண்டாவதுல இருந்து எறங்கி மூணாவது, நாலாவது, அப்புறம் ஒண்ணாவதுல ஏறிடுது. ஆனா எக்ஸ் ஸ்கொயர் − 6எக்ஸ் + 8க்கும் மூணு கதவு தான், எக்ஸ் அச்சுல 2, 4, வை அச்சுல 8, இருந்தும் மூணு ரூம் தான் வருது. ரெண்டாவதுல இருந்து ஒண்ணாவது, அங்கேருந்து நாலாவதுக்கு எறங்கி, திரும்ப ஒண்ணாவதுக்கே வந்துடுது. ஆக கதவ எண்ணினா மட்டும் போதாது, எந்தக் கதவுன்னும் பாக்கணும். எக்ஸ் அச்ச வெட்டுற அந்த ரெண்டு எக்ஸ் மதிப்பையும் மூலங்கள்னு சொல்வாங்க, வை அச்சு ரெண்டு மூலங்களுக்கும் நடுவுல வந்தா நாலு ரூம். எக்ஸ் ஸ்கொயர் முன்னாடி இருக்கிற எண் ஏ, கடைசில தனியா நிக்கிற எண் சின்னா, மூலங்களோட பெருக்கல் சிய ஏயால வகுத்தது, அது மைனஸ்னா ஒரு மூலம் இடதுல ஒண்ணு வலதுல. அதனால எக்ஸ் ஸ்கொயர் முன்னாடி இருக்கிற எண்ணும் கடைசில தனியா நிக்கிற எண்ணும் வேற வேற குறியா இருந்தா, கண்ண மூடிக்கிட்டு நாலு கால்பகுதியும்னு எழுதிடலாம். நடுவுல இருக்கிற எண் எதுவா இருந்தாலும் கவலையே இல்ல. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விசயம், ரெண்டு குறியப் பாத்துட்டு முழு வளைவோட பயணத்தயே சொல்லிட முடியுது.

வெட்டாமலே போறதும் உண்டு. எக்ஸ் ஸ்கொயர் + 2எக்ஸ் + 5க்கு டிஸ்கிரிமினன்ட், அதாவது மூலம் இருக்கா இல்லையான்னு சொல்ற எண், −16, எக்ஸ் அச்சுப் பக்கமே வராது, ரெண்டாவதும் ஒண்ணாவதும் தான். (எக்ஸ் − 3) ஸ்கொயர் 3ல அச்சத் தொடும், ஆனா தாண்டாது, தொட்டுட்டுத் திரும்பிடும். தொடுறது வேற, வெட்டுறது வேற.

இதுக்கு மேல அவளா ஒரு கேள்வி கேட்டா, நான் எதிர்பாக்கல. "1 வகுத்தல் எக்ஸ் எந்தக் கதவு வழியா போகுது பெரியம்மா? கால்குலேட்டர்ல போட்டேன், ரெண்டு ரூம்ல இருக்கு, ஆனா எந்த அச்சயும் தொடல." நல்ல கேள்வி. அது கதவு வழியா போகல, எக்ஸ் 0ல உடைஞ்சு போச்சு. உடையாத, தொடர்ச்சியா ஓடுற வளைவுக்குத் தான் கதவுக் கணக்கு. 1 வகுத்தல் (எக்ஸ் − 2) இன்னும் நல்ல உதாரணம், இடது பக்கம் மூணாவதுல ஆரம்பிச்சு, வை அச்ச −½ல ஒழுங்கா கதவு வழியா வெட்டி நாலாவதுக்கு வரும், எக்ஸ் 2 நெருங்க நெருங்க கீழ அதலபாதாளத்துக்குப் போய், 2 தாண்டினதும் மேல எங்கேயோ இருந்து ஒண்ணாவதுல எறங்கும். நாலாவதுல இருந்து ஒண்ணாவதுக்கு எக்ஸ் அச்சத் தொடாமலே போயிடுச்சு. அதனால பின்னம் வந்தா கீழ இருக்கிறது எப்ப 0 ஆகுதுன்னு மொதல்ல பாக்கணும்.

1 வகுத்தல் எக்ஸுக்கு ரூம் கண்டுபிடிக்க இன்னும் சுருக்கு வழி இருக்கு. வை = 1/எக்ஸ்னா எக்ஸையும் வையையும் பெருக்கினா 1. பெருக்கல் ப்ளஸ்னா ரெண்டுக்கும் ஒரே குறி. ஒரே குறி எங்க? ஒண்ணாவதும் மூணாவதும். வேற வேற குறின்னா ரெண்டாவதும் நாலாவதும். இத நான் நிதானமா எழுதிக் காட்டுனேன், ஏன்னா என் வாழ்க்கையில கால்பகுதிக்கு அர்த்தம் கிடைச்சது இந்தப் பெருக்கல்ல தான்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில இருபது வருசத்துக்கு மேல வேலை பாத்தவ. லைன்ல ஆப்பரேட்டரா சேந்து, அப்புறம் டெஸ்ட்ல டெக்னீஷியன். அந்த ஏரியாவுல 1972ல இருந்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிங்க வந்துக்கிட்டே இருந்துச்சு, எங்க சொந்தத்துலயே பாதிப் பேரு அந்தக் கேட்டுக்குள்ள ஷிஃப்ட் போயிருக்கோம். டெஸ்ட்ல கர்வ் டிரேசர்னு ஒரு மெஷின், சின்ன ஸ்க்ரீன், அதுல கட்டம், நடுவுல குறுக்க நெடுக்க ரெண்டு அச்சு. படுத்த அச்சு வோல்ட்டேஜ், நிக்கிற அச்சு கரண்ட். டையோடயோ (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடுற பொருள்) எல்இடியயோ அதோட ரெண்டு கால்லயும் புடிச்சு மாட்டினா பச்சை வளைவு வரும். மொதல் நாள் அதப் பாத்தப்ப எனக்கு ஸ்கூல் கிராஃப் பேப்பர் தான் ஞாபகம் வந்துச்சு.

நல்ல சிலிக்கான் டையோட்னா வளைவு மூலப்புள்ளி வழியா போகும். ஒண்ணாவதுல 0.6, 0.7 வோல்ட் வரைக்கும் தரையோட தரையா வந்து சட்டுன்னு செங்குத்தா ஏறும், சிவப்பு எல்இடின்னா 2 வோல்ட் கிட்ட ஏறும். இடது பக்கம் மூணாவதுல அச்சோட ஒட்டிக்கிட்டு கிட்டத்தட்ட இல்லாத மாதிரி போகும், ரொம்ப தூரம் போனா தான் உடைஞ்சு கீழ விழும். ரெசிஸ்டர்னா மூலப்புள்ளி வழியா நேர்கோடு, ஒண்ணு மூணு. 2 வோல்ட்ல ஏற வேண்டிய அந்தச் செங்குத்து மூணாவதுல கீழ்நோக்கி எறங்கினா, கால மாத்தி மாட்டிட்டன்னு அர்த்தம். வளைவு படுத்த அச்சு மேலயே படுத்துக்கிட்டா உள்ள கம்பி விட்டுப் போச்சு, எவ்வளவு வோல்ட் குடுத்தாலும் கரண்ட் 0. நிக்கிற அச்சு மேலயே நின்னா ஷார்ட், கரண்ட் ஓடுது வோல்ட்டேஜ் 0. நம்பரப் படிக்கறதுக்கு முன்னாடி, வளைவு எங்க போகுது எந்த அச்ச எங்க தொடுதுன்னு பாத்தே பொருள் நல்லதா கெட்டதான்னு சொல்லிடுவோம். ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தன ஆயிரம் வளைவு பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, எல்லாமே ஒண்ணாவதும் மூணாவதும் தான்.

அப்ப ஒரு சீனியர் டெக்னீஷியன் சொன்னாங்க, வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கினா பவர், பெருக்கல் ப்ளஸ்னா பொருள் பவர தின்னுது, மைனஸ்னா பொருள் பவர குடுக்குது. டையோட், ரெசிஸ்டர், பல்பு எல்லாம் தின்னிங்க, அதான் ஒண்ணாவதும் மூணாவதும் தாண்டி வராதுங்க. எனக்கு அன்னிக்கு உடம்பே சிலிர்த்துச்சு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின ப்ளஸ் ப்ளஸ், மைனஸ் ப்ளஸ்ங்கிற அந்தக் குறி ஜோடி, ஒரு பொருள் வாங்குதா குடுக்குதான்னு சொல்ற விசயமா மாறிடுச்சு. வாங்குறது, குடுக்கறது, பிரம்மகுப்தர் சொன்ன கடனும் சொத்தும் தானே இது.

இதெல்லாம் அன்னிக்கு அவகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப குடுக்குற பொருளு எது, நாலாவதுல போற வளைவு எது"ன்னா. நான் பதில் சொல்லல. பால்கனியில செடித்தொட்டில குத்தி வெச்சிருந்த சோலார் லைட்டு ஒண்ணு, பேட்டரி செத்துப் போனது, அதப் புடுங்கிட்டு வந்து மேல இருக்கிற பேனல மட்டும் கழட்டினேன். சோலார் செல்லும் ஒரு டையோட் தான். இருட்டுல அது டையோட் மாதிரியே மூலப்புள்ளி வழியா ஒண்ணும் மூணும் போகும். வெயில் பட்டா அந்த முழு வளைவும் அப்படியே கீழ எறங்கும். எறங்கினா என்ன ஆகும்னு நீயே சொல்லுன்னேன். கொஞ்ச நேரம் விரல டேபிள்ல வெச்சு இழுத்துப் பாத்துட்டு, "மூணாவதுல இருந்து வந்து, வை அச்ச கீழ வெட்டி, நாலாவதுக்குள்ள வந்து, எக்ஸ் அச்ச வலதுல வெட்டி ஒண்ணாவதுக்கு ஏறும், ரெண்டு கதவு மூணு ரூம்"னா. அவ தப்பா போட்ட அதே 3எக்ஸ் − 6 போன வழி.

பால்கனியில பத்து மணி வெயில். அவளே மீட்டரப் புடிச்சா. வோல்ட்டேஜ்ல வெச்சா கரண்ட் கிட்டத்தட்ட ஓடாது, அப்ப காட்டுறது எக்ஸ் இன்டர்செப்ட், 2.3 வோல்ட். கரண்டுல வெச்சா ரெண்டு முனையும் சேத்த மாதிரி, வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட 0, அப்ப காட்டுறது வை இன்டர்செப்ட், 38 மில்லியாம்ப். மீட்டர் ப்ளஸ்னு தான் காட்டுச்சு, ஆனா அது பேனல்ல இருந்து வெளிய வர்றது, டையோடுக்கு உள்ள போறத தானே ப்ளஸ்னு வெச்சோம், அதனால நோட்ல −38. அச்சு ரெண்டயும் மீட்டரால தொட்டுட்டோம். அவ ஸ்கேல எடுத்து ரெண்டு புள்ளியையும் நேரா சேக்கப் போனா. இருன்னு சொல்லி என் பழைய டப்பாவுல தேடி ஒரு 47 ஓம் ரெசிஸ்டர எடுத்து நடுவுல மாட்டினேன். 1.7 வோல்ட். 47ஆல வகுத்தா 36 மில்லியாம்ப். அவ கட்டத்துல (1.7, −36)ங்கிற புள்ளிய வெச்சா, அது நேர்கோட்டுக்கு ரொம்பக் கீழ இருந்துச்சு. அவ ஸ்கேலக் கீழ வெச்சுட்டா. −38ல இருந்து கிட்டத்தட்ட படுத்தமானிக்கே வந்து, அந்தப் புள்ளிகிட்ட வளைஞ்சு, 2.3க்கு விறுவிறுன்னு ஏறுற மாதிரி கையாலயே வரைஞ்சா. 1.7ஐயும் −36ஐயும் பெருக்கி ஓரத்துல −61 மில்லிவாட்னு எழுதி, பக்கத்துல "குடுக்குது"ன்னு தமிழ்ல எழுதினா.

கையால பேனல்ல நிழல் விழ வெச்சுப் பாத்தா. கரண்ட் 9க்கு விழுந்துடுச்சு, வோல்ட்டேஜ் மட்டும் 2.1லயே நின்னுச்சு. ஒரு கதவு மேல வருது, இன்னொன்னு அவ்வளவா அசைய மாட்டேங்குதுன்னு ரெண்டு மூணு தடவ கைய எடுத்து வெச்சு பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் நோட்டத் திரும்ப எடுத்து, நான் சொல்லாமலே, வளைவ வை அச்சத் தாண்டி இடது பக்கம் மூணாவதுக்குள்ள நீட்டினா, எக்ஸ் அச்சத் தாண்டி ஒண்ணாவதுல மேல ஏத்தினா, ரெண்டு முனையிலயும் அம்புக்குறி போட்டா.

"ராத்திரியில பெரியம்மா?"ன்னு கேட்டுட்டு, நான் வாயத் திறக்கறதுக்குள்ள ரெண்டு அச்சும் சந்திக்கிற எடத்துல ஒரு சின்னப் புள்ளி வெச்சு, அது வழியா இன்னொரு வளைவு வரைய ஆரம்பிச்சுட்டா.